மாரிக்கனி தைத்த கோட்டு

தாமிரபரணிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொழில்முனைவு ஒரு பாடமாக இருந்தது. ஐந்து அலகு, இரண்டு உள்தேர்வு, கடைசியில் ஒரு சான்றிதழ். படித்து முடித்துத் தொழில் தொடங்கியவர்தான் இல்லை. அதற்காக யாரும் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

பாடம் நடத்தியவர் அமலோற்பவம். வேதியியல் முதுகலை படிக்கும் மாரிக்கனி ஒரு நாள் அவர் அறைக்குக் கடிதத்தோடு வந்தாள்.

பல்கலைக்கழக ஸ்டோரில் விற்கும் லேப் கோட்டு ஒரே அளவு. ஆறடி ஆம்பளைக்கு வெட்டியது. பெண்கள் போட்டால் கை விரலைத் தாண்டித் தொங்கும். போன மாதம் கூடப் படிக்கும் பெனாசிரின் கோட்டுக் கை பர்னர் தீயில் பட்டு எரிந்து, அவள் இரண்டு வாரம் கையில் கட்டோடு வந்தாள். அவரவர் அளவுக்குக் கோட்டுத் தைத்து விற்க மாரிக்கனிக்கு ஆசை. அனுமதி கேட்டு நாற்பது நாள் அலைந்து ஐந்து கையெழுத்து வாங்கிவிட்டாள். ஆறாவது அமலோற்பவம் போட வேண்டியது.

அவர் கடிதத்தைப் படித்தார்.

"கோட்டு எங்க?"

"இனிமேத்தான் மேடம். அனுமதி வரட்டும்னு இருக்கேன்."

அமலோற்பவம் மேசையிலிருந்த கத்திரிக்கோலை எடுத்தார். கடிதத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் மாரிக்கனியின் கையை வைத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கையைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார். அந்தப் பென்சில் கோடு வழியே வெட்டி அவளிடம் நீட்டினார்.

"இந்த அளவுக்குக் கோட்டுக் கை வெட்டு."

துண்டாகிப்போன ஐந்து கையெழுத்தும் குப்பைக்கூடையில் கிடந்தன. மாரிக்கனிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியேறினாள்.

அந்த வாரம் முழுக்க வீம்புக்கென்றே தைத்தாள். திங்கட்கிழமை ஒன்பது பெண்கள் அவரவர் கை அளவுக்குத் தைத்த கோட்டுப் போட்டு லேபுக்கு வந்தார்கள். பெனாசிர் முதல் ஆளாகப் பர்னரைப் பற்ற வைத்தாள்.

புதன்கிழமை வேதியியல் துறைத்தலைவர் லேபுக்கு வந்தார். ஸ்டோர் கோட்டுப் போடாதவர்களுக்கு வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு கிடையாது என்றார். மற்ற எட்டுப் பேரும் தலை குனிந்துகொண்டார்கள். மாரிக்கனி குனியவில்லை. துறைத்தலைவர் அவளைவிடக் குட்டை.

"அந்த ஸ்டோர் கோட்டை நீங்க ஒரு தடவை போட்டுக்கிட்டுப் பர்னரைப் பத்த வையுங்க சார். நான் இதைக் கழத்திடுதேன்."

அவர் போடவில்லை. அவளை வெளியே போகச் சொன்னார்.

அவள் நேராக அமலோற்பவத்தின் அறைக்கு வந்தாள். கதவைத் தட்டவில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"பரீட்சைக்கு விட மாட்டேங்காரு. வருஷமே போச்சு. கடிதத்தை வெட்டுனது நீங்க, மாட்டிக்கிட்டது நானு."

அமலோற்பவம் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"இருபது வருஷமா தொழில் தொழில்னு பாடம் நடத்துதீங்க. ஒரு பெட்டிக்கடையாவது வச்சுப் பாத்திருக்கீங்களா மேடம்?"

கேட்ட பிறகுதான் கேட்டது என்னவென்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப வாங்க மனம் வரவில்லை. நின்றாள்.

அமலோற்பவத்துக்குக் கோபம் வரவில்லை.

"வச்சதில்லம்மா. குடுத்ததைப் போட்டுக்கிட்டு உள்ளயே இருந்துட்டேன், என்னை ஒருத்தரும் வாசலுக்கு வெளிய நிறுத்துனதே இல்ல. வேணும்னா வெள்ளிக்கிழமை நீயும் ஸ்டோர் கோட்டைப் போட்டுக்கிட்டு உள்ள போ. என்னை மாதிரியே நல்லாப் பாடம் நடத்துவ."