சும்மா இருந்தவனுக்கு டிப்ஸ்

தூத்துக்குடிக் கடலில் ஸ்கூபா டைவிங் படகு ஓட்டுகிறவன் கஸ்பார். ஒருநாள் நகைக்கடை முதலாளி வைரவநாதன் அந்தப் படகில் வந்தார். முதல் தடவை முங்கி எழுந்ததும், தன்னோடு முங்கிய வழிகாட்டி ஷெரினிடம் சத்தமாகவே சொன்னார்:

"டிப்ஸ் உனக்கு மட்டும்தாம்மா. படகுல சும்மா உக்காந்திருந்தவனுக்கு எதுக்கு? அடுத்து நான் மேல வர்றதுக்குள்ள ஏதாவது வேலை செஞ்சு காட்டச் சொல்லு, பாக்கலாம்."

கஸ்பாருக்குச் சுருக்கென்றது. அவர் மறுபடி குதிக்கப் படகின் விளிம்பில் உட்கார்ந்ததும், எஞ்சினைக் கிளப்பிப் படகைக் கரைப்பக்கம் திருப்பினான்.

"ஏய், எங்க போற?"

"சும்மா இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்லா சார்? நீங்க முங்குங்க. நான் ஊருக்குள்ள போயி ஏதாவது வேலை பாத்துட்டு வாரேன்."

"அப்ப நான் மேல வந்தா படகு?"

"உங்க மூச்சுக்குமிழி போற பக்கமெல்லாம் படகைக் கொண்டாந்து நிறுத்துனேனே, அதைத்தான் சார் நீங்க சும்மான்னு சொன்னீங்க."

ஷெரின் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலாளி அவசர அவசரமாகப் பையைத் துழாவி நோட்டுகளை நீட்டினார்.

கஸ்பார் கையை நீட்டவில்லை.

"முதல்ல முங்கிட்டு வாங்க சார். மேல வரும்போது படகு இருந்துச்சுன்னா குடுங்க."