மேசை மேல் சிங்கம்

கோயமுத்தூர்ப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறை. தெர்மாகோலில் உருவம் செய்து மணலில் புதைப்பார்கள். பம்பு காற்றை உறிஞ்ச, மணல் கல்லாக இறுகும். காய்ச்சிய இரும்பை ஊற்றினால் தெர்மாகோல் ஆவியாகும். அந்த இடத்தில் இரும்பு உட்காரும்.

ஒரு நாள் ஊற்றும்போது பம்பு நின்றுவிட்டது. மணல் சரிந்து, ஊற்றிக்கொண்டிருந்த வெள்ளிங்கிரி மேல் இரும்பு பாய்ந்தது.

விசாரிக்க லேபர் ஆபீசர் வந்தார். "அப்படி ஒருத்தன் இங்க வேலையே பாக்கலீங்க. எங்கியோ இருந்து உள்ள பூந்துட்டான். வேலை பாத்தான்னு சொல்றவங்க சாட்சி காட்டட்டும்" என்றார் முதலாளி சென்னியப்பன். கூட வேலை செய்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

வெள்ளிங்கிரியின் மனைவி தெய்வாத்தாள் முதலாளி மேசையைக் காட்டினாள். "அந்த இரும்புச் சிங்கம் நம்ம பட்டறையில வார்த்ததுங்களா, மொதலாளி?"

ஆபீசர் முன்னால் முதலாளிக்கு வாய் சும்மா இருக்குமா? "பின்னே? தெர்மாகோல்ல நகம் பட்டாக்கூட இரும்புல அப்படியே விழும். நம்ம வேலை அப்படி!"

"திருப்பிப் பாருங்க சார்" என்றாள் ஆபீசரிடம்.

சிங்கத்தின் அடியில், தெர்மாகோல் துண்டுகளை ஒட்டும்போது அழுத்திப் பிடித்த கையின் தடம் பள்ளமாக விழுந்திருந்தது. நடுவிரல் இருக்க வேண்டிய இடம் மட்டும் வழவழவென்று இருந்தது.

"எவன் கையோ!" என்றார் முதலாளி.

"ஆஸ்பத்திரி பொணக்கிடங்குல எங்க வீட்டுக்காரரு கெடக்கறாருங்க சார். மத்ததெல்லாம் வெந்துபோச்சு. நடுவிரல் இல்லாத அந்தக் கை மட்டும் மிச்சம். சிங்கத்த எடுத்துட்டுப் போயி வச்சுப் பாருங்க."

முதலாளி சிங்கத்தை எட்டிப் பிடித்தார். ஆபீசர் விடவில்லை.