வைப்பருக்கு எண்ணெய் தேய்த்தவர்

"கத்துதும்மா, கத்துது!" என்று சாரலில் நனைந்தபடி மடத்துக்குள் ஓடி வந்தார் திருமலைக்குமார்.

கத்தியது அவருடைய காரின் வைப்பர்.

குரு குழல்வாய்மொழியம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடர் திருமலைக்குமாரைவிட வயதில் சின்னவர்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"உக்கார நேரமில்லம்மா. இன்னிக்கு ரயில்ல கோமு வாரா!"

கோமு அவருடைய மனைவி. 'உங்ககூடப் பேசி ஜெயிக்க என்னால ஆகாது' என்று பொங்கல் கழிந்த கையோடு தாய்வீட்டுக்குப் போனவள். நேற்றுத்தான் திரும்பி வருவதாகச் சொன்னாள். அப்போதிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"வைப்பருக்கு என்ன செஞ்சீங்க?"

"கதவு கத்துனா எண்ணெய் விடுவோம்லா? அதான் ரப்பருக்கு நல்லெண்ணெய் தடவுனேன். சத்தம் நிக்கல. கண்ணாடிக்கும் தடவுனேன். இப்ப ரோடே தெரியல!"

அம்மை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடி மோர் ஊற்றியது போல மங்கிக் கிடந்தது. அதன்மேல் வைப்பர் கிறீச் கிறீச்சென்று போய் வந்தது. அம்மைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னிக்குச் சனிக்கிழமை. எண்ணெய் தேச்சுக் குளிச்சீங்களா?"

"குளிச்சேனே."

"எண்ணெயோடயா வந்தீங்க?"

"அதெப்படி? சீயக்காய் போட்டு..."

திருமலைக்குமார் தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மை ஒரு கிண்ணத்தில் சீயக்காய்ப் பொடி கொண்டு வந்தார். இருவருமாகக் கண்ணாடியையும் ரப்பரையும் தேய்த்துக் கழுவினார்கள். வைப்பரைப் போட்டுப் பார்த்தால், சத்தமே இல்லை. மழைத் தண்ணீரை வழித்துத் தள்ளியது. சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார் திருமலைக்குமார்.

வண்டியில் ஏறியவர் தலையை வெளியே நீட்டினார்.

"அம்மா, கோமுகிட்டச் சொல்லணும்னு நல்ல பேச்சு ஒண்ணு தயார் பண்ணி வச்சிருக்கேன். தேனாட்டம் இருக்கும். சொல்லிக் காட்டவா?"

அம்மை கிண்ணத்தை நீட்டினார். அடியில் கொஞ்சம் பொடி மிச்சம் இருந்தது.

"இதை வாயில போட்டுக்கிட்டுப் போங்க."

ஸ்டேஷன் வாசலில் கோமு நின்றுகொண்டிருந்தாள். திருமலைக்குமார் அவள் பையை வாங்கி வண்டியில் வைத்தார். கதவைத் திறந்துவிட்டார்.

வண்டி கிளம்பிப் பாதி வழி வந்தாயிற்று.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றாள் கோமு.

"நீ சொல்லு, கோமு."

அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

வீடு வந்துவிட்டது. இருவரும் இறங்கவில்லை.