அறுபதோடு நின்றுவிடுகிறது

ஜெபக்கனி டீச்சரிடம் லேப்டாப் ரிப்பேர் படிக்க வந்தவர்களில் சொரிமுத்து ஒருவர்தான் டீச்சரைவிட வயதில் பெரியவர். இவர் 'டீச்சர்' என்பார். டீச்சர் இவரை 'அண்ணாச்சி' என்பார்.

ஒரு மதியம் அவர் மாடியேறி வந்து, போனை வழக்கம்போல மேசை மூலையில் சார்ஜில் போட்டார். பிறகு பையிலிருந்து ஒரு பழைய கறுப்பு லேப்டாப்பை எடுத்து வைத்தார்.

"யாருது அண்ணாச்சி?"

"ஆவுடையோடது."

ஆவுடையம்மாள் அவருடைய மனைவி. இறந்து ஒரு வருடம் ஆகிறது. அது டீச்சருக்குத் தெரியும்.

"என்ன பண்ணுது?"

"அறுபது சதவீதம் வரைக்கும் ஏறுது. அதோட நின்னுருது. பிளக்கு குத்தினபடியே இருக்கு. ஸ்விட்சு போட்டபடியே இருக்கு."

"சார்ஜர் மாத்திப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. சார்ஜர் சொருகுற பின்னையும் சுத்தம் பண்ணியாச்சு."

"பிறகு என்ன பயம்?"

சொரிமுத்து நிமிர்ந்தார். பயம் என்று அவர் சொல்லவே இல்லை.

"போனை சார்ஜில போட்டுட்டு அப்படியே தூங்கிருவேன் டீச்சர். நானா ஒரு நாளும் கழட்டினது கிடையாது. அவதான் எந்திச்சு வந்து கழட்டுவா. 'வெந்த சோத்தை எவனாவது அடுப்புலயே விட்டு வைப்பானா, மனுசா'ன்னு ஏசுவா. வயரை நாலு விரல்ல சுத்தி, நுனியை உள்ள சொருகி வைப்பா." குரலைத் தாழ்த்தினார். "இப்பவும் யாரோ கழட்டுறாங்க. இந்த லேப்டாப்பையும் அவதான் நிறுத்துறா."

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"மக, 'வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துருங்கப்பா'ங்கா. இன்னிக்கு முடிவு சொல்லியாகணும். ஆவுடை உள்ள இருக்கும்போது எப்படிப் பூட்டிட்டுப் போறது? அதான் இங்க தூக்கிட்டு வந்தேன். இங்க நூறு ஏறுச்சுன்னா அவ வீட்டுலதான் இருக்கா. நான் போக மாட்டேன்."

"இங்கேயும் நின்னுட்டா?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை.

டீச்சர் பிளக்கைக் குத்தினார். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபது.

நின்றது.

"கூடவே வந்துட்டா" என்றார் சொரிமுத்து.

டீச்சர் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பேட்டரியைக் கழற்றினார். அலமாரியிலிருந்து ஒரு புதுப் பேட்டரியைப் பிரித்து மாட்டினார்.

"இதை ஆவுடை அக்கா கண்ணால பாத்ததே இல்ல. பாப்போம்."

டீ வந்தது. ஆடை படிந்தது. யாரும் குடிக்கவில்லை. வெயில் சன்னலை விட்டு இறங்கிப் போனது. திரையின் வெளிச்சம் மட்டும் சொரிமுத்துவின் முகத்தில் இருந்தது. அவர் கண்ணை எடுக்கவே இல்லை.

அறுபது. நின்றது.

"டீச்சர், இதுக்கு என்னதான் பண்றது?"

"பேய்க்கு நம்மகிட்ட ஸ்பேர் பார்ட்ஸ் இல்ல அண்ணாச்சி."

டீச்சர் லேப்டாப்பை அணைத்து, ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மறுபடி திறந்தார். நீலத் திரை வந்தது. ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இதைப் படிங்க."

எப்போதும் பிளக்கிலேயே கிடக்கும் மெஷினில் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடாமல் இருக்க, அறுபதோடு சார்ஜை நிறுத்தும் வசதி அது. போட்டு வைக்கப்பட்டிருந்தது.

"இது பேட்டரியில இல்ல, போர்டுல பதிஞ்சிருக்கு. எந்தப் பேட்டரி போட்டாலும் நிக்கும். நீங்க போட்டதா?"

"எனக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது."

"அப்ப?"

பகல் முழுக்க பிளக்கோடு உட்கார்ந்து ஆவுடையம்மாள் பத்திரம் டைப் அடித்துக்கொண்டிருந்த லேப்டாப் அது.

"எடுத்துவிட்டா நூறு ஏறும். எடுங்க."

அவர் விரலைக் கொண்டுபோனார். அது பாதி வழியில் நின்றது. லேப்டாப்பை மெல்ல மூடினார்.

"அப்ப அவ இல்லையா டீச்சர்? வெறும் ஸ்விட்சுதானா?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மகள்.

சொரிமுத்து மேசை மூலைக்குக் கையை நீட்டினார். நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டார்.

போன் பிளக்கில் இல்லை. பக்கத்தில் வயர் நாலு விரல் அகலத்துக்குச் சுற்றி, நுனி உள்ளே சொருகியிருந்தது.

"இதை யாரு கழட்டினது?"

"நீங்கதான்."

"நானா?"

"நீங்க திரையையே பாத்துட்டு இருந்தீங்க. போன் நிறைஞ்சதும் கை அதுபாட்டுக்குப் போச்சு. கழட்டுச்சு. சுத்துச்சு. சொருகுச்சு. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

சொரிமுத்து அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது யாருடையதோ போல இருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். "உங்க ரெண்டு பேரையும்தான் கூப்பிடுறா."