ஒரு குறையும் இல்லாத இல்லம்

மாதி என்ற யானைக்குக் கால் வலித்தது, மனசும் வலித்தது. அவள் அம்மா பொம்மக்காவுக்கோ வாய் மட்டும் வலிக்கவே இல்லை.

"மெதுவா நட புள்ள! எனக்கென்ன உன் வயசா?"

"மெதுவாத்தாம்மா நடக்கிறேன்."

"இதுக்குப் பேரு மெதுவா? நேத்து நீ காட்டுன தண்ணி ஒரே உவர்ப்பு. முந்தாநாள் ஒடிச்சுப் போட்ட கிளை முழுக்க முள்ளு!"

கோடை முற்றி, ஓடை வற்றிவிட்டது. விடிந்தால் யானைக் கூட்டம் மலை தாண்டிப் போகிறது. பொம்மக்காவால் மலை ஏற முடியாது. கடைசிப் பற்களும் தேய்ந்துவிட்டதால் எதையும் மெல்லவும் முடியாது. மழை வரும்வரை அவளைப் பார்த்துக்கொள்ள இருட்டுவதற்குள் ஓர் இடம் தேடியாக வேண்டும். தங்கைகள் இருந்தும் இந்த வேலை வழக்கம்போல மாதியின் தலையில்தான் விழுந்தது.

அந்தக் காட்டில் வயதான பிராணிகளுக்கு இரண்டு இல்லங்கள் இருந்தன. முதலில் மடுவுக்கரைக்குப் போனார்கள். அங்கே இல்லம் நடத்துகிறவள் சேத்தாயி என்ற காட்டுப்பன்றி. தூரத்திலேயே நாற்றம் மூக்கைத் துளைத்தது. உள்ளே சந்தைக்கடை இரைச்சல்!

"கஞ்சியில தேன் பத்தலை!" என்று ஒரு கரடிக் கிழவர் தரையைத் தட்டினார்.

"நேத்து தேன் கூடிப்போச்சுன்னு கத்துனீங்களே! இருங்க, வர்றேன்!" சேறும் சகதியுமாகச் சேத்தாயி ஓடினாள்.

"என் முதுகை யாரு சொறியுறது?" என்றது ஒரு கிழக்குரங்கு.

மாதி முகத்தைச் சுளித்தாள். "இருக்கிறவங்களே இத்தனை குறை சொல்றாங்க. நாம போயிடலாம்மா."

அடுத்தது மயிலார் நடத்தும் இல்லம். பெருக்கிய தரையில் ஓர் இலை இல்லை. நிழலில் முதியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஆளுயரத்துக்குக் கரும்பு குவிந்து கிடந்தது. மயிலார் தோகையை விரித்துக்கொண்டு வரவேற்றார்.

"நீங்களே கேட்டுப் பாருங்கம்மா! பெரியவரே, ஏதாவது குறை உண்டா?"

காட்டெருமைக் கிழவர் மயிலாரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஒரு குறையும் இல்லைங்க."

பக்கத்தில் இருந்த கண் தெரியாத மான், யாரும் கேட்காமலே, "ஒரு குறையும் இல்லைங்க" என்றது.

காட்டெருமையின் விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்ததை மாதி பார்க்காமல் இல்லை. வயசானால் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னொரு இடம் தேடக் காலிலும் தெம்பில்லை, மனசிலும் தெம்பில்லை, பாவம்! அம்மாவை வரிசையில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவாள்.

பாதி வழியில்தான் சுரீரென்றது. அம்மாவால் மெல்ல முடியாது என்று மயிலாரிடம் சொல்லவே இல்லையே! அலுப்போடு திரும்பி வந்தாள்.

பொம்மக்கா முன்னால் ஒரு கரும்பு கிடந்தது. அவள் அதைத் தொடக்கூட இல்லை. எதிரே மயிலார் தோகையை மடக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"சாப்பிட்டியாம்மா?"

பொம்மக்கா மயிலாரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ஒரு குறையும் இல்லைங்க."

பெற்ற மகளிடம் பேசுகிற பேச்சா இது? வழியெல்லாம் வாய் ஓயாத அம்மாவா இப்படி நிற்கிறாள்? மாதி அம்மாவின் அருகில் போய்க் காதைக் கொடுத்தாள். "கடிக்க முடியலைன்னு சொன்னேன் புள்ள," என்றாள் பொம்மக்கா மெல்ல. "குறை சொன்னா நாளைக்குத் தண்ணி கிடையாதாம்."

"நட, போலாம்!" என்றாள் மாதி.

"யாரும் அசையக் கூடாது!" என்று மயிலார் கத்தினார். காட்டெருமைக் கிழவர் மயிலாரைப் பார்த்தார். அப்புறம் மாதியின் மலைபோன்ற உடம்பைப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். மானும் அவர் வாலைப் பிடித்துக்கொண்டு கிளம்பியது.

மடுவுக்கரையில் சேத்தாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். "மூணு பேரா! எனக்கு இடுப்பு ஒடியுது. சரி, சரி, உள்ளே வாங்க. எல்லாருக்கும் கஞ்சிதான்!"

பொம்மக்கா ஒரு வாய் உறிஞ்சினாள். "இது கஞ்சியா, பசையா?"

"நாளைக்குத் தண்ணியாக் காய்ச்சுறேன் பாட்டி. இன்னைக்கு இதை முழுங்குங்க!"

மாதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இனி நிம்மதியாக மலை ஏறலாம்.

காட்டெருமைக் கிழவரும் ஒரு வாய் குடித்தார். வாயைத் திறந்தார், மூடினார். சேத்தாயியின் முகத்தையே பார்த்தார். பிறகு, "கொஞ்சம்... சூடு பத்தலைங்க" என்றார்.

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று சலித்துக்கொண்டே சேத்தாயி சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

வயதானவர்கள் பயமில்லாமல் குறை சொல்கிற இடத்தில்தான் அவர்களை நம்பி விட்டுவிட்டு வரலாம்.