மிளகு விரிக்காத சிறகு

ஏரி நடுவே நின்ற கருவேல மரங்களில் கொக்குகளும் நாரைகளும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் கூடு கட்டியிருந்தன. குஞ்சுகள் எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தன. கரையோர மண்திட்டுதான் பள்ளிக்கூடம். கூழைக்கடாதான் வாத்தியார்.

அங்கே மிளகு என்றொரு நீர்க்காகக் குஞ்சு படித்தாள். நல்ல கறுப்பு. முக்குளிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நீர்க்காகத்தின் இறகு தண்ணீரைக் குடித்துவிடும். ஒவ்வொரு முறை முக்குளித்த பிறகும் சிறகை விரித்து வெயிலில் காயவைக்க வேண்டும். காயாத சிறகோடு மறுபடி இறங்கினால், பாரம் அடிக்கு இழுத்துவிடும்.

பள்ளிக்கு வந்த முதல் நாள் மிளகு சிறகை விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஏய் அடுப்புக்கரி! கிழிஞ்ச குடை!" என்று கத்தினான் பஞ்சு. அவன் கொக்குக் குஞ்சு.

"அடுப்புக்கரி காயுது! தள்ளி நில்லுங்க, ஒட்டிக்கும்!" என்றது ஒரு நாரைக் குஞ்சு.

திட்டே சிரித்தது. வாத்தியாரின் தாடைப் பையும் லேசாகக் குலுங்கியது.

"விளையாட்டுக்குச் சொல்றாங்கம்மா. நீ கண்டுக்காதே!" என்றார் அவர்.

மிளகு சிறகை மடக்கிக்கொண்டாள். அதன்பிறகு பள்ளியில் அவள் அதை விரிக்கவே இல்லை. ஈரத்தோடு வீட்டுக்குப் போனாள். ஈரத்தோடு தூங்கினாள்.

"கூடு ஏன்டி இப்படி நனைஞ்சு கிடக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"பனிம்மா."

"பங்குனி வெயில்ல பனியா?"

மிளகு அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா கோதிக் கேட்டதும், பள்ளியில் நடந்ததை மெல்லச் சொல்லிவிட்டாள்.

மறுநாளே ஏரிப் பறவைகள் கூட்டம் போட்டன. மிளகின் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். தலைவர் நாரை ஒற்றைக்காலில் நின்று வெகுநேரம் யோசித்தார்.

"நிறம்தானே தகராறு? எல்லாரையும் ஒரே நிறமாக்கிடுவோம்! நாளையிலிருந்து எல்லாக் குஞ்சும் ஏரிச் சேற்றைப் பூசிக்கிட்டுத்தான் பள்ளிக்கு வரணும்!" என்றார்.

"ஆகா, தலைவர்னா தலைவர்தான்!" எல்லாப் பறவைகளும் சிறகைத் தட்டின.

"என் பொண்ணு நிறத்துல என்னங்க குறை?" என்று மிளகின் அம்மா கேட்டாள். அந்தச் சிறகுச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் எல்லாக் குஞ்சுகளும் சேறு பூசிக்கொண்டு வந்தன. பெற்றோர் கரையில் கூடிநின்று பூரித்தார்கள். பாடம் தொடங்கியது. மிளகு ஒருமுறை முக்குளித்து எழுந்து, சிறகை விரிக்காமலே மறுபடி இறங்கினாள். ஏற்கெனவே நனைந்திருந்த சிறகு. அதன்மேல் அப்பிய சேறு. இறங்கியவள் எழவில்லை.

"மிளகு!" என்று அலறினாள் அம்மா.

வாத்தியார் பாய்ந்தார். தாடைப் பையை வலைபோல் விரித்து ஏரியை வாரினார். தண்ணீரும் பாசியும் இரண்டு கெண்டைகளும் வந்தன. அவற்றோடு மிளகும் வந்தாள்.

கரையில் கிடத்தினார்கள். உயிர் இருந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"சிறகை விரிடா கண்ணு! வெயில் படட்டும்!" என்று அம்மா கெஞ்சினாள்.

"மாட்டேன்! சிரிப்பாங்க!"

சாகக் கிடந்தும் அவள் சிறகை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சுவின் அம்மாதான் முதலில் சீறினாள். "எல்லாம் இவனால! அடுப்புக்கரி, கிழிஞ்ச குடைன்னு எங்கடா கத்துக்கிட்டே இதையெல்லாம்?"

பஞ்சு விழித்தான். "நீதானேம்மா சொல்வே! சேத்துல விளையாடிட்டு வந்தா, 'அடுப்புக்கரி நீர்க்காகம் மாதிரி வந்து நிக்கிறியே'ன்னு திட்டுவியே!"

"எங்க தாத்தாவும் சொல்வாரு! அதுங்க உக்கார்ற கிளைக்குப் பக்கத்துல போகாதே, கறுப்பு ஒட்டிக்கும்னு!" என்றது நாரைக் குஞ்சு. அதன் தாத்தா வேறு யாருமில்லை, தலைவர்தான். ஊன்றியிருந்த ஒற்றைக்காலும் அவருக்குத் தடுமாறியது.

"நானும் அன்னைக்குச் சிரிச்சேன்" என்றார் வாத்தியார், மெதுவாக.

பஞ்சுவின் அம்மா நடந்து போனாள். வெள்ளை வெளேரென்ற கொக்கு. சேற்றில் கால் வைக்கவே யோசிப்பவள். மிளகுக்குப் பக்கத்தில் போய் நின்று, தன் இரண்டு சிறகையும் அகல விரித்தாள்.

"உன் சிறகு நனையவே இல்லையே, ஏம்மா விரிக்கிறே?" என்று கேட்டான் பஞ்சு.

"நான் உனக்குக் கத்துக் கொடுத்தது ஒண்ணு இருக்கே, அதை மறக்கணும்டா. நீயும் வந்து நில்லு!"

பஞ்சு போய் நின்றான். தலைவர் நின்றார். வாத்தியார் தம் பெரிய சிறகை விரித்ததும் இரண்டு குஞ்சுகள் உருண்டு விழுந்தன. கரை முழுக்கச் சிறகுகள்.

மிளகு தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு சிறகைக் கொஞ்சமாகத் திறந்தாள். யாரும் சிரிக்கவில்லை. மற்றொன்றையும் திறந்தாள். அம்மா சேற்றைக் கோதி எடுத்தாள். ஈர இறகில் வெயில் விழுந்தது.

"ஏய் மிளகு! உன் கறுப்புல பச்சை மின்னுது! நீலமும் இருக்கு!" என்றான் பஞ்சு.

"எப்பவும்தான் இருக்கு. நீ கிட்ட வந்து பாத்ததில்ல."

பஞ்சு தலையைக் குனிந்தான். "இனிமே சொல்லமாட்டேன், மிளகு."

மிளகு அவனைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "சரி, நேரா நில்லுடா! காத்து தூக்கிட்டுப் போயிடும்!" என்றாள்.

அன்றோடு சேறு பூசும் உத்தரவு போயிற்று. பள்ளியில் ஒரு குஞ்சின் வாயிலிருந்து கேலிச்சொல் வந்தால், முதலில் அந்தக் கூட்டுக்குப் போய்ப் பெரியவர்களை விசாரிப்பது என்று முடிவாயிற்று. சில கூடுகளுக்கு அடிக்கடி போகவேண்டியிருந்தது. தலைவரின் கூட்டுக்கும்தான். ஆனாலும் உச்சிவேளை மணி அடித்தால் இன்றும் திட்டு முழுக்கச் சிறகுகள் விரிகின்றன. நடுவில் நிற்பவள் மிளகு.

பள்ளியில் பிள்ளைகள் எறியும் கல் வீட்டில் பொறுக்கியது; அதனால் பெரியவர்கள் முதலில் தங்கள் நாக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.