ரெண்டு பட்டனுக்கு அடங்காத ஞானதிரவியம்

பாளையங்கோட்டை மார்க்கெட் ஆட்டோ ஸ்டாண்டுல ஞானதிரவியம் வாயைத் தொறந்தா நாங்க எல்லாரும் இன்ஜினை ஆஃப் பண்ணிருவோம். சவாரியை விட அது சுகம்.

அன்னைக்குக் காலையில போனைத் தூக்கிக் காட்டுனான். "ஏல, இதுல ஒரு கேம் இருக்கு. கரும்புயல்னு ஒரு சூப்பர் ஹீரோ. கதை பாதியில நின்னு, 'இப்ப என்ன செய்ய?'ன்னு நம்மகிட்ட கேக்கும். ரெண்டு பட்டன் வரும். எதை அமுக்குதியோ கதை அந்தப் பக்கம் போவும். இதுல ரெண்டையும் அமுக்காம ஜெயிச்ச ஒரே ஆளு நான்தான்."

"அமுக்காம எப்படில ஜெயிப்ப?" பக்கத்து ஆட்டோ மைதீன் டீ கிளாஸைக் கீழ வச்சான்.

"கேளு. பாலம் ஒடஞ்சு ரயில் விழுது. இந்தப் பக்கம் கரும்புயலோட அம்மை மாடியில தீயில மாட்டிக்கிட்டா. ரயிலா, அம்மையான்னு கேக்கான். பாவம், கண்ணெல்லாம் தண்ணி. எனக்கு நெஞ்சு பொறுக்கல. போனை அப்படியே தலைகீழாக் கவுத்தேன். விழுந்த ரயிலு மேல ஏறிட்டு. அம்மை மாடியில இருந்து நழுவி நேரா சன்னலோர சீட்டுல வந்து உக்காந்துட்டா. டிடிஆர் வந்து டிக்கெட் கேக்காரு!"

"என் போனைக் கவுத்தா படம் தன்னால நிமிந்துல்லா கெடக்கு!" என்றான் மைதீன்.

"உனக்கு இருக்கது போனு. எனக்கு இருக்கது கைராசி."

மைதீன் என்னையப் பாத்தான். நான் வானத்தைப் பாத்தேன்.

"அடுத்து வில்லன் வந்தாம்ல. அகோரன். எவனும் எதிர்பாக்கல, சூரியனைப் பிடுங்கி லட்டு மாதிரி முழுங்கிட்டான். நேத்து பதினோரு மணிக்கு ஊரே கும்மிருட்டு. கோழியெல்லாம் கூட்டுக்குள்ள போயிட்டு."

"நேத்து பதினோரு மணிக்கு நான் சமாதானபுரத்துல வெயில்ல நின்னேனே," என்றேன்.

"நீ கூலிங் கிளாஸ் போட்டுருந்த. உனக்கு என்ன தெரியும்? சண்டை போடவா, சரணடையவான்னு பட்டன் கேக்கு. போங்கலன்னுட்டு, சார்ஜர் ஓட்டை வழியா சுக்குக் கசாயத்தை ஊத்துனேன். அகோரன் விட்டான் பாரு ஒரு ஏப்பம்! சூரியன் தெறிச்சு வெளிய வந்துட்டு. வயித்துல இருந்து வந்த சூடுதான், இன்னைக்கு இந்தக் கொளுத்து கொளுத்துது."

மைதீன் நெத்தி வேர்வையைத் துடைச்சான். அது ஒண்ணுக்கு மட்டும் அவனால மறுப்பு சொல்ல முடியல.

ஞானதிரவியம் குரலைத் தாழ்த்துனான். "கடைசியில கேமே கும்பிட்டுட்டு. 'அண்ணாச்சி, நீங்க கதையைச் சொல்லுங்க, நாங்க பட்டனை அமுக்குதோம்'னு எழுத்து ஓடுது. கரும்புயல் உள்ள இருந்து கண்ணாடியைத் தட்டுதான். வெளிய வந்து நம்ம வண்டியில கிளீனரா இருக்கட்டான்னு கேக்கான்."

"ஆட்டோவுக்குக் கிளீனரா?"

"மேம்பாலத்துல டிராபிக்னா வண்டியையே தூக்கிட்டுப் பறப்பாம்லா! நான்தான் வேண்டாம்னுட்டேன். அவன் வந்தா உங்க ரெண்டு பேரு பொழப்பு என்னத்துக்கு ஆகும்?"

எங்களுக்கே லேசா நன்றி சொல்லத் தோணிட்டு.

அப்ப அவன் வண்டியோட பின் சீட்டுல இருந்து ஒரு பொம்பளைக் குரல். மடியில நெத்திலிப் பையை வச்சுக்கிட்டு ஒரு அம்மா எட்டிப் பாத்தாங்க. "ஏம்ப்பா, மீனு நாற ஆரம்பிச்சுட்டு. ரெண்டுல ஒண்ணு சொல்லு. வண்டியை எடுக்கியா, இல்ல நான் எறங்கி அந்தத் தம்பி வண்டியில ஏறட்டா?"

ஞானதிரவியம் போனைச் சட்டைப் பைக்குள்ள போட்டான். ஆட்டோ ஸ்டார்ட் ஆன சத்தம்தான் கேட்டுது.